மூன்று நொடிக்கு ஒரு குத்து

போன வாரம் நாம் பாப்பாவை விட்டு வந்தபோது அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். முதலீட்டு வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. மென்பொருள் பொறியாளர் வேலைக்கு இரண்டு சுற்றுகளைத் தாண்டிவிட்டாள். கடைசி நேர்காணல் புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, நேரில். அந்தச் சிரிப்பை நீங்களும் நானும் ஆசைதீரப் பார்த்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இந்த வாரம் அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.

இதோ புதன்கிழமை. காலை எட்டரை மணி. பாப்பா ரிங்குக்குள் நிற்கிறாள். கைகளில் உறை. வாயில் கவசம் இல்லை. கவசம் இருந்தால் பதில் சொல்ல முடியாதே.

நேர்காணலுக்குப் போகிற பெண்ணுக்குக் குத்துச்சண்டை ரிங்கில் என்ன வேலை என்று புதிதாக வந்து சேர்ந்தவர்கள் கேட்கலாம். இந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மாடியில் குடித்தனம். கீழே, முன்பு மூட்டை அடுக்கிய கிடங்கு, இப்போது குத்துச்சண்டைக் கூடம். நடத்துகிறவன் பெரியண்ணன். வயது நாற்பத்தொன்று. தெருவே அவனை மாஸ்டர் என்கிறது. பெற்ற தாயும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா இறந்தபோது பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவன் அவன். அதை யாரும் மறக்கவில்லை. மறந்துவிடாதபடி வாரத்துக்கு ஒருமுறை அவனே ஞாபகப்படுத்துவான். பாரத்தைத் தூக்கியவன் கூடவே கையையும் தூக்கினான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சின்னண்ணனுக்கு முப்பத்துநான்கு. ஒரு காலத்தில் மாஸ்டர் கண்ட கனவெல்லாம் இவன்தான். ஓர் இறுதிப்போட்டியில் தாடை உடைந்து விழுந்தான். கனவும் அதோடு சரி. இப்போது ஒரு மதுக்கூடத்தின் வாசலில் கறுப்புச் சட்டை போட்டு நிற்கிறான். காலையில் கூடத்துக்கு வந்து, மாஸ்டர் யாரைக் காட்டுகிறானோ அவர்களைக் குத்துகிறான். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது.

இருபத்தொன்பது வயதிலும் பாப்பா என்றே கூப்பிடப்படுகிற நம் பாப்பா, ஏழு வருடமாக ஒரு சின்ன நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறாள். இந்த வங்கி வேலை அவளுக்கு உயிராகிப்போனதற்குக் காரணம் சம்பளம் இல்லை. நேர்காணல் வங்கியின் இந்த ஊர் அலுவலகத்தில், ஆனால் வேலை வேறு ஊரில். ரயிலில் ஒன்பது மணி நேரம். முன்பு ஒருமுறை வேறு ஊருக்குப் போகிறேன் என்றதற்குப் பத்து நாள் கன்னம் வீங்கிக் கிடந்தது. இவ்வளவு பெரிய பெயருள்ள இடம் என்றால் மாஸ்டருக்கே பெருமை தலைக்கேறும், அந்தப் பெருமை இறங்குவதற்குள் ரயிலேறிவிடலாம் என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். ஊர் விஷயம் பற்றி இன்னும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மாஸ்டருக்குக் கணினி என்றால் அணைக்கக்கூடத் தெரியாது, பிளக்கைப் பிடுங்குவான். ஆனால் தங்கை நேர்காணலுக்குப் போகிறாள் என்றதும் இணையத்திலிருந்து இருநூற்று நாற்பது கேள்விகளைப் பதிலோடு கடையில் சொல்லி அச்செடுத்து, துளைபோட்டு, கயிறு கட்டிக் கொண்டுவந்துவிட்டான். பதினோரு நாளாகப் பயிற்சி. அவன் கேள்வி கேட்பான். சின்னண்ணன் குத்துவான். பாப்பா விலகிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். மூன்று நொடிக்கு மேல் வாய் திறக்காவிட்டால் விலாவில் ஒரு குத்து. கழுத்துக்கு மேலே கை போகக் கூடாது. இவ்வளவுதான் விதி.

"அடி வாங்கிக்கிட்டே பதில் சொல்லத் தெரிஞ்சவளுக்கு, ஏசி ரூம்ல உக்காந்து கேக்கறவன் எம்மாத்திரம்?" என்பது மாஸ்டரின் கட்சி.

இதில் கொடுமை என்னவென்றால், அது பலித்தது. பதினோரு நாளில் பாப்பாவுக்கு யோசிப்பதற்கு முன்பே பதில் வரத் தொடங்கியிருந்தது. வலது விலாவில் தொட்டால் கத்துகிற அளவுக்கு ஒரு கருநீலம் இருந்தது. அதைச் சட்டை மறைத்துக்கொண்டது.

"நூத்தி எழுபத்தாறு," என்று மாஸ்டர் கட்டைப் புரட்டினான். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம். "டெட்லாக்னா என்ன?"

"ரெண்டு வேலை ஓடுது மாஸ்டர்." பாப்பா இடப்பக்கம் சாய்ந்தாள். சின்னண்ணனின் கை காற்றைக் குத்திப் போனது. "ஒண்ணு ஒரு பூட்டைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு பூட்டுக்காக நிக்குது. இன்னொண்ணு அந்தப் பூட்டைப் புடிச்சுக்கிட்டு இதுக்காக நிக்குது. ரெண்டும் விடாது. ரெண்டும் நகராது."

மாஸ்டர் விரலை வைத்துத் தாளில் எழுத்துக்கூட்டிப் பார்த்தான். "சரி. எப்படித் தடுப்பே?"

அவள் வாய் திறப்பதற்குள் சின்னண்ணன் நெருங்கி வந்து அவளைக் கட்டிப் பிடித்தான். சண்டையில் களைத்தவர்கள் அப்படிப் பிடிப்பதுண்டு. அவன் களைத்திருக்கவில்லை. இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தான், கண்கள் சிவந்திருந்தன.

"ஒன்பது மணி நேர ரயிலாமே," என்றான் அவள் காதுக்குள். "உன் ஃபைல்ல லெட்டர் பாத்தேன்."

பாப்பாவுக்குக் குப்பென்று வியர்த்தது.

"என்கிட்டகூட சொல்லலல்ல? நீ போயிட்டா இந்த ஆளுகிட்ட நான் மட்டுந்தானா?"

"அண்ணா... நான் சொல்றேன்..."

"பிரிஞ்சு நில்லுங்க!" மாஸ்டர் கத்தினான். "ஒண்ணு. ரெண்டு. மூணு. பதில் வரலை. அடி!"

சின்னண்ணன் விலகி நின்றான். கை எழவில்லை. பாப்பா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பூட்டுகளை எப்போதும் ஒரே வரிசையில் எடுக்க வேண்டும் என்ற பதில் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

"அடிடா! கையில வளையலா போட்டிருக்கே? அன்னிக்கும் இப்படித்தான் நின்னே, தாடையைக் காட்டிக்கிட்டு!"

சின்னண்ணன் குத்தினான்.

விலாவில் இல்லை. அந்தக் குத்து யாருக்காக வந்ததோ தெரியவில்லை, வந்து இறங்கியது பாப்பாவின் இடது புருவத்தில். எலும்பில் எலும்பு மோதுகிற சத்தம் அவள் தலைக்குள்ளிருந்தே கேட்டது. கால்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. அடுத்து கன்னத்தில் தரைவிரிப்பு சொரசொரவென்று உரசியது. இடது கண்ணுக்குள் சூடாக என்னவோ ஓடி இறங்கியது.

வலது கண்ணால் மாஸ்டரின் செருப்பைப் பார்த்தாள். அது கயிற்றுக்கு வெளியே அசையாமல் இருந்தது.

"எழுந்திரு," என்றான் மாஸ்டர். கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "எழுந்து பதில் சொல்லு. அங்க எவனும் உனக்காக நிறுத்த மாட்டான்."

அந்தப் பேச்சைக் கேட்டதும் சின்னண்ணனிடம் என்னவோ அறுந்தது. பதினேழு வருடமாக இழுத்துக் கட்டியது. உறைகளைப் பல்லால் கடித்துக் கழற்றி எறிந்தான், கயிற்றைத் தாண்டினான்.

"ரத்தம் வருது! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"போடா, போய் உள்ள நில்லு."

சின்னண்ணன் தலையால் அவன் நெஞ்சில் முட்டினான். மாஸ்டர் இரண்டு எட்டு பின்னால் போனான், அவ்வளவுதான். நாற்பத்தொரு வயதிலும் அவன் மாஸ்டர். முதல் குத்து சின்னண்ணனின் வயிற்றில். குனிந்தவனின் காதில் இரண்டாவது. மூன்றாவது, பார்த்து, அளந்து, அதே பழைய தாடையில். சின்னண்ணன் எடைக்கருவிகள் மேல் போய் விழுந்தான். மாஸ்டர் விடவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி குத்தினான். தூக்கினான், குத்தினான். பல் ஒன்று சிமெண்டுத் தரையில் துள்ளி உருண்டது.

"உன்னால முடியாததை இவ முடிக்கப் போறா! அது பொறுக்கலையாடா உனக்கு?"

"விடுங்க மாஸ்டர்! விட்டுருங்க!" பாப்பா கயிற்றைப் பிடித்து எழ முயன்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சின்னண்ணனின் கை தரையில் துழாவியது. எடை மாட்டுகிற இரும்புக் கம்பி ஒன்று அகப்பட்டது. அதைத் தூக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். பாப்பா அதைப் பார்த்தாள்.

முதல் அடி மாஸ்டரின் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். இரண்டாவது விலாவில். மாஸ்டர் உட்கார்ந்தான், பிறகு பக்கவாட்டில் சரிந்தான். மூன்றாவது முறை கம்பி மேலே போனது. அப்போது அதன் நுனியைப் பாப்பா பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். எப்படி ரிங்கை விட்டு இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"போதும்ணா. செத்துருவாரு."

கம்பி கீழே விழுந்தது. சின்னண்ணன் சுவரோரம் குந்தி, ரத்தம் வழியும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வாசலில் ஆளைத் தூக்கி வெளியே எறிகிற உடம்பு அது.

அம்மா வந்தபோது மணி ஒன்பது.

அம்மாவைப் பற்றி நான் என்ன சொல்ல? நல்லவள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் முப்பது வருடமாக நர்ஸ். மாடியில் சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் ஊசி, தையல் நூல், மரத்துப்போகிற மருந்து, பஞ்சு. அந்த வீட்டில் டப்பாவில் பிஸ்கட் இருந்து யாரும் பார்த்ததில்லை. யார் யாரை அடித்தார்கள் என்று அவள் கேட்பதில்லை. எங்கே கிழிந்திருக்கிறது என்றுதான் கேட்பாள்.

அன்றும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மாஸ்டரின் கையை மார்போடு சேர்த்துத் துண்டால் கட்டினாள். சின்னண்ணன் வாயில் பஞ்சை அமுக்கினாள். பிறகு பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, புருவத்தைத் துடைத்தாள்.

"அஞ்சு தையல். ஆடாத."

"அம்மா, போலீஸ் வருமா?"

"ஆஸ்பத்திரியில கேப்பாங்க. மாஸ்டர் மாடிப்படியில விழுந்துட்டாரு. நீ கதவுல இடிச்சுக்கிட்டே. வேற யாரு என்ன சொன்னாலும் நீ வாய் திறக்காத." நூலைக் கத்தரித்தாள். "எத்தனை மணிக்கு உனக்கு?"

"ரெண்டரை."

"குளிச்சுட்டுக் கிளம்பு. தையல்ல தண்ணி படாம."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மாஸ்டர் முகம் சாம்பல் பூத்திருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான். "போ," என்றான். "நிறுத்தாத. கேட்டா உடனே போடு."

பாப்பா போனாள். அவன் சொன்னதற்காகப் போனாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேர்காணல் ஒன்றுதான் அவளுக்கு இந்த வீட்டிலிருந்து வெளியே போகிற வழி. கால் முறிந்திருந்தாலும் தவழ்ந்தாவது போயிருப்பாள்.

பதினேழாவது மாடி. கண்ணாடிச் சுவர், நீள மேசை, வெள்ளைப் பலகை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நரைத்த தாடிக்காரர், அவர்தான் பிரிவுத் தலைவர். பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. ஓர் இளைஞன்.

மூவரும் அவள் புருவத்தைப் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி தாளைப் பார்த்தார்கள். பெண்மணிதான் கேட்டாள்.

"வேற நாள் வச்சுக்கலாமா? எங்களுக்குப் பிரச்சினை இல்லை."

"வேண்டாம் மேடம். இன்னிக்கே."

முதல் ஒரு மணி நேரம் பாப்பா பிளந்துகட்டினாள். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அனுப்புகிற ஆர்டர்களை எப்படி வரிசைப்படுத்துவது, ஒரே விலையில் இரண்டு பேர் நின்றால் யாருக்கு முதலில், ஒரே ஆர்டர் தவறிப்போய் இரண்டு தடவை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது... கேள்வி முடிவதற்குள் பதில். இளைஞன் பாராட்டாகப் புருவத்தை உயர்த்தினான். பலகையில் எதையோ காட்ட, பேனாவோடு கையைச் சட்டென்று அவள் பக்கம் நீட்டினான். பாப்பாவின் உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்து, இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் வந்து நின்றன.

இளைஞனின் பேனா பாதி வழியில் நின்றது.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் பாப்பா. கைகளை இறக்கிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். இளைஞன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

தாடிக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எங்க கிட்ட ஒரு சிஸ்டம் இருக்கு. தினமும் காலையில சந்தை திறந்த உடனே ரெண்டு நொடி அப்படியே நின்னுடுது. அப்புறம் நாள் பூரா நல்லா ஓடுது. ஏன்?"

"நினைவகம் போதலை," என்றாள் பாப்பா.

"இல்லை."

"நெட்வொர்க் நெரிசல்."

"இல்லை."

"பூட்டு. டெட்லாக்."

"டெட்லாக்னா ரெண்டு நொடியில தானா சரியாகுமா?"

"அப்ப... டேட்டாபேஸ்."

தாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அரை நிமிஷத்துல நாலு பதில். ஒரு கேள்விகூட என்னைக் கேக்கலை. நிஜமாவே சந்தை ஓடிக்கிட்டு இருந்து, உங்க முதல் பதிலை நம்பி நீங்க மெஷினை நிறுத்தியிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இந்த வேலையில வேகமாத் தப்பு பண்றவங்கதான் எனக்கு ரொம்பப் பயம். ஏன் இவ்வளவு அவசரம் உங்களுக்கு?"

ஒன்று. இரண்டு. அவளுடைய விலா இறுகியது.

"நின்னா அடி விழும் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வேலை போயிற்று, ரயில் போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். கண் கலங்கியது, துடைத்த கை பட்டுத் தையல் எரிந்தது.

பெண்மணி எழுந்து, ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேசைமேல் வைத்துத் தள்ளினாள். கையை நீட்டவில்லை. "இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

பாப்பா பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. முதுகு விறைத்தது. எதுவும் வரவில்லை. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. முழுதாக ஒரு நிமிடம் ஒருவரும் பேசாத அறையில், ஒருவரும் தன்னைத் தொடாமல், அவள் சும்மா நின்றாள். அப்படி நின்று அவளுக்குப் பழக்கமே இல்லை.

"எல்லா மெஷினும் நிக்குதா, ஒண்ணு மட்டுமா?" என்று கேட்டாள்.

"எல்லாம்."

"ராத்திரி அணைச்சுட்டுக் காலையில புதுசா ஆரம்பிக்கறீங்களா?"

தாடிக்காரர் முன்னால் சாய்ந்தார். "ஆமா."

"ஒருநாள் அணைக்காம விட்டா அடுத்த நாள் நிக்குதா?"

"நிக்காது."

"அப்ப அது இன்னும் சூடாகலை சார். முதல் ஆர்டர் வரும்போதுதான் பாதி நிரல் முதல்தடவையா எழுந்து வருது. திறக்கறதுக்கு முன்னாடியே போலியா நாலு ஆர்டரை உள்ள ஓடவிட்டுப் பாக்கணும். அதுல நிஜ ஆர்டர் கலக்காம எப்படிப் பிரிக்கறதுன்னு..." நிறுத்தினாள். "அது எனக்குத் தெரியலை."

"நல்லது," என்றார் தாடிக்காரர். தாளில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

வெளியே மனிதவளப் பிரிவுப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன் பண்ணிடுவோம். உங்களை வேலைக்கு எடுத்தா முதல்ல பின்னணி சரிபார்ப்பு. எந்தப் போலீஸ் ஸ்டேஷன்லயாவது உங்க பேரு இருக்கான்னு பாப்பாங்க. புகார், சாட்சி, எதுவா இருந்தாலும். இருந்தா நாலஞ்சு மாசம் இழுத்துரும். சில பேருக்கு வேலையே கைநழுவிப் போயிருக்கு. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே?"

"இதுவரைக்கும் இல்லை," என்றாள் பாப்பா.

ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் சின்னண்ணன். தாடை வீங்கி முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அம்மாவின் மாடிப்படிக் கதை டாக்டரிடம் எடுபடவில்லை. இரும்புக் கம்பியின் தடம் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது.

"எழுதிக் குடுத்துரு பாப்பா," என்றான் சின்னண்ணன், பாதி வாயால். "நான்தான அடிச்சேன்." அவள் புருவத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே மாஸ்டர் கட்டிலில் சாய்ந்திருந்தான். காறை எலும்பும் இரண்டு விலாவும் முறிவு. கட்டுக்கு மேலே அதே முகம், அதே குரல். அருகில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், முழங்காலில் அட்டை வைத்துக்கொண்டு.

"வந்துட்டா பாருங்க, கேளுங்க," என்றான் மாஸ்டர். "ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தான். இவ இன்னிக்கு இன்டர்வியூ போகக் கூடாதுன்னே மூஞ்சியில குத்தினான். பாப்பா, கையெழுத்துப் போடு. உள்ள கிடந்தாத்தான் அவனுக்குப் புத்தி வரும்." மூச்சு வாங்கியது. "இன்டர்வியூ என்னாச்சு? உடனே உடனே சொன்னியா?"

பாப்பா கட்டிலை விட்டு ஓர் எட்டு விலகி நின்றாள்.

அம்மா பாப்பாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஒண்ணும் எழுத வேண்டாம். போலீஸ் பேப்பர்ல உன் பேரு வந்தா அந்த பேங்க்காரன் எடுப்பானா? கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டு வா. உன் பொழப்பைப் பாரு."

அம்மா சொன்னதில் தவறில்லை என்பதுதான் வேதனை. அந்தப் படிவம் பாப்பாவின் பைக்குள் மடித்து இருந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய். ஒன்பது மணி நேரத் தொலைவில் ஒரு வாழ்க்கை. இதே வீட்டில் இவர்கள் மூவரும் அப்படியே இருப்பார்கள். காயம் ஆறியதும் மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே நின்று எண்ணுவான். சின்னண்ணன் குத்துவான், குத்து வாங்குவான். ஒருநாள் கம்பியைப் பிடித்துத் தொங்க ஆள் இருக்காது.

"மேடம்," என்று பாப்பா இன்ஸ்பெக்டரிடம் போனாள். "அடிச்சவங்க பேரை மட்டுந்தான் எழுதணுமா? அடிக்கச் சொன்னவங்க பேரையும் எழுதலாமா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். "எழுதலாம். நடந்தது எல்லாத்தையும் எழுதலாம்."

"அப்ப முதல்ல பெரியண்ணன் பேரை எழுதிக்கோங்க. எனக்குப் பன்னெண்டு வயசுலேர்ந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் நீளமா இருக்கும்."

"ஏய்!" மாஸ்டர் எழ முயன்றான். எலும்பு அவனைப் பிடித்துக் கீழே தள்ளியது. "யாருக்காகடி நான் இவ்வளவும்... உன்னை ஆளாக்கினது யாருடி?"

"அதையும் எழுதிக்கோங்க மேடம். ஆளாக்கினாரு. அதுவும் நிஜம்."

இரண்டு பக்கம் நிறைந்தது. பதினோரு நாள் கதை, சின்னண்ணனின் குத்து, "எழுந்திரு, பதில் சொல்லு" என்ற வார்த்தை, தாடை, பல், கம்பி, எதையும் அவள் விடவில்லை. சின்னண்ணன் மேலும் வழக்கு வரும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாள். தெரியும் என்றாள் பாப்பா. கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னண்ணன் தலையை ஆட்டினான்.

கையெழுத்துக்காக அவள் பேனாவை வாங்கியபோது அம்மா பாய்ந்து வந்து அந்த மணிக்கட்டைப் பற்றினாள். நர்ஸின் பிடி, இரும்பு.

"குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவன்டி! அவனைப் போய்... போடாத. நான் சொல்றேன், போடாத!"

பாப்பா கையை உதறவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குப் பிடிக்கும். இருந்தும் சொன்னாள்.

"பதினேழு வருஷமா எங்களைத் தைச்சுத் தைச்சு அவருகிட்டயே திரும்ப அனுப்பினது நீதாம்மா. உன் பேரையும் எழுதச் சொல்லட்டுமா?"

அம்மாவின் பிடி தளர்ந்தது. அவள் பின்னால் நகர்ந்து, கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்து, மாஸ்டரின் காலடியில் மெல்ல உட்கார்ந்தாள். முப்பது வருடமாக அடுத்தவர் காயத்தைப் பார்த்தவள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்குள் கைப்பேசி அடித்தது. பாப்பா எடுத்துப் பார்த்தாள். வங்கியின் எண். ஐந்து ஐம்பத்தாறு.

"எடுங்கம்மா, நான் காத்திருக்கேன்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இருக்கட்டும் மேடம்."

அடிக்கிற கைப்பேசியைக் கட்டில்மேல் அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, பாப்பா குனிந்து, இரண்டு பக்கங்களிலும் தன் முழுப் பெயரை நிதானமாக எழுதினாள்.